ஜெனோவாவில் சிக்கன விடுதி: நட்சத்திரத்தை விடுங்கள், படிகளைக் கேளுங்கள்

கேள்வி: அக்டோபர் கடைசியில் இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்திலிருந்து சுற்றுலாக் கப்பல் ஏறுகிறோம். மிலானிலிருந்து ரயிலில் வந்து மூன்று இரவு அங்கே தங்க வேண்டும். நான், மனைவி, முழங்கால் வலியுள்ள 68 வயது அம்மா. இரண்டு நட்சத்திர விடுதி போதும் என்று நினைக்கிறோம். எந்தப் பக்கம் அறை எடுப்பது? முன்கூட்டியே என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும்? (கோவை வாசகர்)

பதில்: விடுதியைத் தேடுவதற்கு முன்னால் கப்பல் டிக்கெட்டை எடுத்து, எந்தத் துறையில் ஏற வேண்டும் என்று பாருங்கள். ஜெனோவாவில் பயணிகள் ஏறும் இடம் இரண்டு. சுற்றுலாக் கப்பல்கள் ஸ்தாட்சியோனே மரித்திமா என்ற பழைய கடல் நிலையத்தில் நிற்கும். பொந்தே தேய் மில்லே, பொந்தே ஆந்த்ரேயா தோரியா என்ற துறைப்பெயர்கள் இருந்தால் அதுதான் இடம். சார்தீனியா, கோர்சிகா, பலேர்மோ, தூனிஸ் போகும் ஃபெர்ரிகள் மேற்கே தெர்மினால் திராகெத்தியில் நிற்கும். அதற்கு அருகிலுள்ள மெட்ரோ நிலையம் தினேக்ரோ. இரண்டும் ஒன்றென்று நினைத்து, பெட்டியை இழுத்துக்கொண்டு தவறான வாசலில் போய் நிற்பது இங்கே சர்வசாதாரணம். இன்னொன்று, சில கப்பல்கள் ஜெனோவாவிலிருந்து அல்ல, மேற்கே சுமார் 45 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சவோனாவிலிருந்து புறப்படும். உங்கள் டிக்கெட்டில் சவோனா என்று இருந்தால் கடைசி இரவை அங்கே போடுவதே புத்திசாலித்தனம்.

இனி பகுதி. ஊரில் பெரிய ரயில் நிலையங்கள் இரண்டு: மேற்கே பியாட்சா பிரின்சிபே, கிழக்கே பிரின்யோலே. கடல் நிலையம் பிரின்சிபேக்குக் கீழே, நடக்கும் தூரத்தில் இருக்கிறது. மலிவு விடுதிகளும் பிரின்சிபேயைச் சுற்றித்தான் அதிகம். அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறப் போன ஏழைக் குடும்பங்கள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நாள்கணக்கில் காத்துக் கிடந்த சத்திரங்கள் இந்தத் தெருக்களில்தான் இருந்தன. அந்தத் தொழில் இன்னும் விட்டுப்போகவில்லை.

உங்கள் தேவைக்கு, பிரின்சிபே நிலைய வாசலில் கொலம்பஸ் சிலை நிற்கும் ஆக்குவாவெர்தே சதுக்கத்தை ஒட்டிய இடம், அல்லது அங்கிருந்து துறைமுகம் பக்கம் இறங்கும் வியா ஆந்த்ரேயா தோரியா தெரு நல்லது. வியா பால்பி என்ற பல்கலைக்கழகத் தெருவும் சரிதான். ஆனால் அது நுன்சியாத்தா சதுக்கம் நோக்கிச் சரிந்து இறங்குகிறது. போகும்போது சுகம், திரும்பும்போது அம்மாவுக்குச் சிரமம். அதற்கு இணையாகக் கீழே ஓடும் வியா தி ப்ரே பழைய சந்துகளில் ஒன்று. பகலில் கடைகளும் கூட்டமுமாக இருக்கும். இரவு பத்துக்கு மேல் பெட்டியோடு அந்த வழி வேண்டாம், போன் வரைபடம் குறுக்குவழி என்று காட்டினாலும் சரி. பிரின்யோலே பக்கம் தரை சமமாக இருக்கும், கடைத்தெரு பக்கம். ஆனால் கப்பல் நாளன்று ஊரைக் கடந்து வர வேண்டும்.

முக்கியமான விஷயம் கட்டடம். ஜெனோவா மலைக்கும் கடலுக்கும் நடுவில் இடமில்லாமல் மேல்நோக்கி வளர்ந்த ஊர். சிக்கன விடுதி தனிக் கட்டடமாக இருப்பது அபூர்வம். பழைய மாளிகையின் ஏதோ ஒரு மாடியில் பத்துப் பதினைந்து அறைகள், கீழே வழக்கறிஞர் அலுவலகம், மேலே குடித்தனங்கள் என்றுதான் இருக்கும். முகவரி 24/5 என்றிருந்தால் 24 கட்டட எண், 5 உள்ளே உள்ள கதவு எண். அதோடு இந்த ஊரில் கதவிலக்கம் இரண்டு வரிசை: வீட்டு வாசல்களுக்குக் கறுப்பு, கடைகளுக்குச் சிவப்பு. இரண்டும் தனித்தனியாக ஓடுவதால் சிவப்பு 24-க்கும் கறுப்பு 24-க்கும் நடுவில் நூறு மீட்டர்கூட இருக்கலாம். எண்ணுக்குப் பின்னால் ஆர் என்ற எழுத்து இல்லையென்றால் கறுப்பைத் தேடுங்கள். வாசலில் பெரிய பலகையை எதிர்பார்க்க வேண்டாம். அழைப்பு மணிப் பலகையில் நாலைந்து பெயர்களுக்கு நடுவில் விடுதியின் பெயர் இருக்கும். அழுத்தினால் கதவில் ர்ர்ர் என்று ஓசை வரும். அது நிற்பதற்குள் தோள் கொடுத்துத் தள்ள வேண்டும். அந்தக் கதவு கனம்.

மாடிக் கணக்கிலும் ஏமாறலாம். நம் ஊர் போலவே தரைத்தளம் பூஜ்யம், அதற்கு மேல்தான் முதல் மாடி. ஆனால் நடுவில் அம்மெட்சாத்தோ என்ற இடைமாடி ஒன்று இருந்தால் அது கணக்கிலேயே வராது. மாளிகைகளின் பிரதான தளம் உயரமானது. தளத்துக்குத் தளம் 5 மீட்டர், ஒரு படி 17 சென்டிமீட்டர் என்றால் ஒரு மாடிக்கே சுமார் 30 படி. "மூன்றாம் மாடி" என்று சாதாரணமாக எழுதியிருப்பது 90 படியாக முடியும்.

லிஃப்ட் இருக்கிறது என்று பதிவுத் தளத்தில் போட்டிருந்தால் அதோடு நிம்மதி அடையாதீர்கள். பழைய கட்டடங்களில் லிஃப்டைப் படிக்கட்டின் நடுவே இருந்த வெற்றிடத்தில் பின்னாளில் செருகியிருப்பார்கள். பல இடங்களில் அது தெருவாசலிலிருந்து தொடங்காது, பத்துப் பதினைந்து படி ஏறிய பிறகுதான் தொடங்கும். கூண்டு சிறியது. இரண்டு ஆள், ஒரு பெட்டி, அவ்வளவுதான். பெரிய சூட்கேஸை நிமிர்த்தி வைத்தால் கதவு மூடாது. கதவு இரண்டு இருக்கும், வெளியே ஒன்று, உள்ளே மடிப்புக் கதவு ஒன்று. இரண்டையும் கையால் இழுத்துச் சாத்தினால்தான் நகரும். மேலே போய் இறங்கியதும் உள்கதவைத் திறந்தபடி விட்டுவிட்டால் லிஃப்ட் அங்கேயே நின்றுவிடும், கீழே அம்மா பொத்தானை அழுத்திக்கொண்டே நிற்பார். "லிஃப்ட் கெட்டுவிட்டது" என்ற புகாரில் பாதி இதுதான்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தெருவிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி, லிஃப்டிலிருந்து அறை வரை எத்தனை படி, லிஃப்ட் இப்போது ஓடுகிறதா என்ற மூன்று கேள்வி போதும். ஆங்கிலத்தில் எழுதினாலும் பதில் வரும். போனில் கேட்பதானால், "குவான்தி கிரதீனி ஃபீனோ அல்லஷென்சோரே?" என்றால் லிஃப்ட் வரை எத்தனை படி என்று பொருள். எண்ணிக்கை சொல்லாமல் "சில படிகள்" என்று பதில் வந்தால் வேறு விடுதி பாருங்கள்.

அறை வகையில் சொற்கள் முக்கியம். மாத்ரிமோனியாலே என்றால் இரட்டைக் கட்டில். பெரும்பாலும் இரண்டு ஒற்றைக் கட்டில்களைச் சேர்த்துப் போட்டது. தோப்பியா என்றால் இரண்டு தனிக் கட்டில், திரிப்லா மூவருக்கு. மூன்றாவது கட்டில் மடிப்புக் கட்டிலா என்று கேளுங்கள். தாழ்வான மடிப்புக் கட்டிலிலிருந்து எழுவது முழங்காலுக்கு ஆகாது. பாத்ரூம் "இன் கோமூனே" என்றிருந்தால் தாழ்வாரத்தில் பொதுவானது. "எஸ்தெர்னோ" என்றால் உங்களுக்கு மட்டும்தான், ஆனால் அறைக்கு வெளியே. அம்மா இரவில் எழுந்து போக வேண்டுமென்றால் இரண்டும் வேண்டாம். "இன் காமெரா" என்று இருக்க வேண்டும்.

பாத்ரூமுக்குள் பிதே என்ற தாழ்வான தொட்டி பெரும்பாலும் இருக்கும். கால் கழுவ அல்ல, கழிப்பறை போனபின் கழுவிக்கொள்ளத்தான். ஐரோப்பாவின் மற்ற ஊர்களில் தண்ணீருக்குத் தவிக்கும் நம் மக்களுக்கு இத்தாலி ஒரு ஆறுதல். குளியல் இடத்துக்குப் பக்கத்தில் மேலிருந்து ஒரு கயிறு தொங்கும். விளக்குக் கயிறும் இல்லை, துணி காயப்போடும் கொடியும் இல்லை. விழுந்தால் இழுக்க வேண்டிய அபாய மணி. அம்மாவுக்கு முதல் நாளே காட்டிவிடுங்கள். குளிக்கும் பெட்டி சுமார் 70 சென்டிமீட்டர் சதுரம், விளிம்பு உயரமாக இருக்கும். கைப்பிடி இருக்கிறதா என்று அதே மின்னஞ்சலில் சேர்த்துக் கேட்டுவிடலாம்.

வெந்நீர் அறைக்கென்று தனி கீசரிலிருந்து வந்தால் கணக்குப் பார்த்துக் குளிக்க வேண்டும். 80 லிட்டர் கீசர், 1,200 வாட் என்றால், 15 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் ஆகும். இருவர் நிதானமாகக் குளித்தால் மூன்றாமவருக்குப் பச்சைத் தண்ணீர்தான். அம்மா முதலில், அல்லது ஒருவர் இரவிலேயே.

மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நம் சாதனங்களுக்குப் பொருந்தும். பொருந்தாதது பிளக். இத்தாலிய சாக்கெட்டில் மூன்று துளைகள் ஒரே வரிசையில் இருக்கும். மெல்லிய இரண்டு பின் போன் சார்ஜர் நேராக நுழையும். நம் மூன்று பின் பிளக் நுழையாது. ஐரோப்பாவுக்கு என்று விற்கும் தடித்த வட்ட அடாப்டரும் பழைய சாக்கெட்டில் நிற்காது. மெல்லிய இரண்டு பின் உள்ள அடாப்டரையே வாங்குங்கள். அரிசி குக்கரை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். அறையில் சமைக்க விடமாட்டார்கள். ஃபியூஸ் போனால் தாழ்வாரம் முழுக்க இருட்டு.

குளிர் விஷயத்தில் உங்கள் தேதி சிக்கலானது. ஜெனோவா இருக்கும் தட்பவெப்ப மண்டலத்தில் குடியிருப்புக் கட்டடங்களின் மைய வெப்பமூட்டலுக்குச் சட்டப்படி காலம் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை. விடுதிக்குத் தனி பாய்லரோ, அறையில் சூடு தரும் ஏசியோ இருந்தால் கவலையில்லை. கட்டடத்தின் பொது பாய்லரை நம்பியிருந்தால் அக்டோபர் கடைசியில் ரேடியேட்டர் சில்லென்றுதான் இருக்கும். கூடுதல் கம்பளி கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

"கடல் பார்த்த அறை" என்று கூடுதல் காசு கேட்டால் யோசியுங்கள். கரையோரம் நெடுக 1965-இல் திறந்த சோப்ராயெலெவாத்தா என்ற மேம்பாலச் சாலை ஓடுகிறது. பல ஜன்னல்களில் முதலில் தெரிவது கார்கள், பிறகுதான் கப்பல். முற்றம் பார்த்த அறை இருட்டாக இருந்தாலும் தூக்கம் வரும். ஜன்னலின் பச்சை மரக்கதவில் கீழ்ப்பாதி மட்டும் வெளியே தள்ளித் திறக்கும். தெருவிலிருந்து உள்ளே தெரியாது, காற்றும் வரும். இந்த ஊர்க்காரர்களின் கைவேலை அது.

வந்து சேர்ந்ததும் மூவரின் பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள். 24 மணி நேரத்துக்குள் விருந்தினர் விவரத்தைக் காவல்துறைக்கு இணையவழி அனுப்புவது விடுதியின் சட்டக் கடமை. குறித்துக்கொண்டு திருப்பித் தருவார்கள். நம்மவர்களுக்கு இதில் ஒரு இடறல் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் காலியாக இருக்கும், அந்தப் படிவத்திலோ பெயர், குடும்பப்பெயர் இரண்டு கட்டமும் நிரம்ப வேண்டும். விசாவில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே பதிவு செய்யுங்கள். இனிஷியலில் ஒரு பெயர், விரித்தெழுதி ஒரு பெயர் என்று வேண்டாம். பாரிஸ், பிராங்க்ஃபர்ட் வழியாக இத்தாலிக்குள் வருகிறவர்கள் 8 நாளுக்குள் வருகையை அறிவிக்க வேண்டும் என்று விதி உண்டு. விடுதியின் பதிவே அதற்கு ஈடாகும். அதன் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறை வாடகை முன்பே கட்டியிருந்தாலும் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று நகர வரி தனியாகக் கேட்பார்கள். ஏமாற்று இல்லை, ரசீது வாங்குங்கள். உண்மையான ஏமாற்றைக் கண்டுபிடிக்கத் தேசிய அடையாள எண் உதவும். 2025 ஜனவரி 1 முதல் இத்தாலியில் எல்லாத் தங்குமிட விளம்பரங்களிலும் அது கட்டாயம். IT என்ற இரண்டு ஆங்கில எழுத்து, பிறகு ஊர் எண். ஜெனோவாவுக்கு 010025. விளம்பரத்தில் அந்த எண் இல்லையென்றால் பணம் அனுப்பாதீர்கள். ரிசப்ஷன் இரவு முழுக்கத் திறந்திருக்கும் என்றும் நம்ப வேண்டாம். ரயில் தாமதமானால் உடனே போன் செய்யுங்கள். சொல்லாமல் தாமதித்தால் வரவில்லை என்று எழுதிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்கள்.

காலை உணவு என்றால் காபி, இனிப்பு பன், ஜாம் பொட்டலம், அவ்வளவுதான். அதில்லாமல் அறை மலிவாகக் கிடைத்தால் அப்படியே எடுத்து, வெளியே ஃபொக்காச்சா சாப்பிடலாம். ஆலிவ் எண்ணெயும் உப்பும் போட்ட தட்டை ரொட்டி. ஃபரினாத்தா கிடைத்தால் விடாதீர்கள். ஒரு பங்கு கடலைமாவுக்கு மூன்று பங்கு தண்ணீர், உப்பு, ஆலிவ் எண்ணெய், பெரிய செம்புத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுட்டது. அம்மா இதைக் கடலைமாவு அடை என்றே சொல்வார்.

மழைக்காலம் என்பதால் ஒரு எச்சரிக்கை. 2011 நவம்பரிலும் 2014 அக்டோபரிலும் பிரின்யோலே பக்கம் ஓடைகள் உடைந்து தெருக்களில் வெள்ளம் புகுந்தது. ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை அறிவித்தால் சுரங்கப்பாதைகளில் இறங்காதீர்கள், மாடி அறையிலேயே இருங்கள். அவசர எண் 112.

அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை 3 மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புவார்கள். கப்பல் அன்றென்றால் போன் நேரம் மாறியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அறையைக் காலை பத்து, பத்தரைக்கெல்லாம் காலி செய்யச் சொல்வார்கள், கப்பலில் ஏற்றுவதோ பெரும்பாலும் மதியம். பெட்டிகளை விடுதியில் விடலாம். பூட்டிய அறையா, தாழ்வாரமா என்று பார்த்துவிட்டு, மருந்து, பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட் மூன்றையும் கையிலேயே வைத்திருங்கள். கடல் நிலையம் பக்கம்தான் என்றாலும் வழி இறக்கமும் படியும் சாலைக் கடப்பும் கலந்தது. பெட்டியும் அம்மாவும் இருக்கும்போது பிரின்சிபே நிலைய வாசலில் டாக்சி எடுத்து, "ஸ்தாட்சியோனே மரித்திமா" என்று சொல்லுங்கள். "போர்த்தோ" என்று மட்டும் சொன்னால் ஃபெர்ரி வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடக்கூடும்.