பெயரை இழந்த பாடகர்கள்

அன்புள்ள ஐயா,

டூ-வாப் (பல குரல்கள் இணைந்து பாடும் அமெரிக்கப் பாணி) குழுக்களைப் பற்றிய தங்கள் கட்டுரையில் ‘தி கார்ட்ஸ்’ குழுவை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். 1954இல் ‘ஷ்-பூம்’ பாடலால் புகழ்பெற்றவர்கள் அத்துடன் ஏன் மறைந்துபோனார்கள்? வெள்ளையர் குழுவொன்று அதே பாடலைப் பாடி வெளியிட்டதே காரணம் என்கிறார்களே?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

அது பாதிக் காரணம்தான். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியைச் சேர்ந்த கார்ட்ஸ் குழுவினரான ஃபீஸ்டர் சகோதரர்களும் நண்பர்கள் மூவரும் சேர்ந்து எழுதிய அந்தப் பாடலின்மேல், அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தின் துணை நிறுவனமான கேட் ரெக்கார்ட்ஸுக்கே பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. பாடகி பேட்டி பேஜ் பாடி ஏற்கெனவே பிரபலமாகியிருந்த ஒரு பாடலை இவர்களைப் பாடவைத்து இசைத்தட்டின் முன்பக்கத்தில் வைத்த நிறுவனம், ‘ஷ்-பூம்’ பாடலைப் பின்பக்கத்துக்குத் தள்ளியது. வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். பாப் பட்டியலின் முதல் பத்து இடங்களுக்குள் அது நுழைந்தது.

அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, ஒருமுறை பதிவாகி வெளிவந்த பாடலை, பிரதிக்கு 2 சென்ட் வீதம் உரிமத்தொகை செலுத்தி எவரும் மறுபதிவு செய்யலாம். முதலில் பாடியவர்களின் குரலமைப்புக்கோ இசைக்கோப்புக்கோ தனிப் பாதுகாப்பு கிடையாது. நீங்கள் குறிப்பிடும் வெள்ளையர் குழுவான கனடாவின் குரூ-கட்ஸ் மெர்குரி நிறுவனத்துக்காக அதைப் பாடி, வாரக்கணக்கில் முதலிடத்தில் இருந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கார்ட்ஸின் பதிவில் இடையே பீறிட்டு எழும் சாம் டெய்லரின் சாக்சபோனுக்கு நிகராக, மற்றதில் எனக்கு நினைவில் நிற்பது கெட்டில் முரசின் அதிர்வு மட்டுமே. முன்னதில் ஐந்து குரல்கள் ஒன்றையொன்று சீண்டுகின்றன. பின்னது சீருடை அணிந்து வரிசையில் நிற்கிறது.

ஆனால் பாடலை எழுதியவர்கள் என்ற உரிமை கார்ட்ஸிடம் இருந்ததால், இன்னொருவரின் வெற்றி அவர்களை அடியோடு அழித்துவிடவில்லை. என் கணிப்பில், அதைவிடப் பெரிய அடி வேறு. ஜெம் நிறுவனத்தில் அதே பெயரில் முன்பே ஒரு குழு இருந்ததால் இவர்கள் தங்கள் பெயரைக் கைவிட நேர்ந்தது. பெயர்தான் முதலீடு என்றாகிவிட்ட வேளையில் முதலில் ‘கார்ட்கேட்ஸ்’ ஆனார்கள், பிறகு ‘ஷ்-பூம்ஸ்’ ஆனார்கள். தட்டுக் கடையில் கார்ட்ஸின் அடுத்த பாடலைத் தேடிய ரசிகருக்கு இவர்கள்தான் அவர்கள் என்று யார் சொல்வது? அடுத்து வந்த ‘ஜிப்பிட்டி ஜம்’ முதல் வெற்றியின் அச்சில் வார்த்ததுபோலவே இருந்ததும் உதவவில்லை. அதன்பின் வந்த தட்டுகள் எவையும் பட்டியலில் ஏறவில்லை.