வாசகர் கேள்வி: பெடல் மெத்தென்று இறங்கினால்

கேள்வி: என்னிடம் 1992 டொயோட்டா ஹைலக்ஸ் ஃபோர் பை ஃபோர் பக்கி (பிக்கப் வண்டி) இருக்கிறது. பிரேக்கை முதல் தடவை மிதித்தால் பெடல் பாதிக்கு மேல் இறங்குகிறது. உடனே மறுபடி மிதித்தால் மேலேயே கெட்டியாக நிற்கிறது. மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) மாற்றி, இரண்டு தடவை ஏர் எடுத்தும் (குழாயிலுள்ள காற்றை வெளியேற்றியும்) பலன் இல்லை. (சாட்ஸ்வொர்த் வாசகர்)

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறி மாஸ்டர் சிலிண்டரைக் காட்டவில்லை. அது கெட்டிருந்தால், அழுத்திப் பிடித்த பெடல் காலுக்கடியில் மெல்ல மெல்லத் தரைக்குப் போகும். காற்று இருந்தால் இரண்டாவது மிதியிலும் பெடல் ஸ்பிரிங் போலத் துள்ளும். இரண்டாவது மிதியில் உயர்ந்து, கெட்டியாகவும் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பின்சக்கர டிரம்மை. டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டதால், முதல் மிதி அந்த இடைவெளியைக் கடப்பதற்கே செலவாகிறது.

ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம். சமதரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்துக்கொண்டு பெடலை மிதியுங்கள். இப்போது முதல் மிதியிலேயே பெடல் மேலே நின்றால் குறை பின்னால்தான்.

முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, டிரம்மின் பின்தட்டில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றினால் உள்ளே பல் சக்கரம் தெரியும். தட்டை ஸ்க்ரூடிரைவரால் அதைத் தள்ளித் தள்ளி டிரம் இறுகும்வரை திருப்புங்கள். பிறகு சக்கரம் லேசாக உரசிச் சுற்றும் அளவுக்குத் தளர்த்துங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

இத்தோடு நிறுத்தினால் சில மாதங்களில் அதே குறை திரும்ப வரும். இந்த மாடலில் ஹேண்ட்பிரேக் இழுக்கும்போதுதான் ஷூ தானாக அட்ஜஸ்ட் ஆகும். பின்தட்டுக்கு வெளியே இருக்கும் பெல் கிராங்க் (ஹேண்ட்பிரேக் கேபிள் இழுக்கும் சின்ன நெம்புகோல்) சேறும் கடற்காற்று உப்பும் ஏறித் துருப்பிடித்து இறுகிப் போகும். டர்பன் பக்க வண்டிகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கேபிளைக் கழற்றிவிட்டுக் கையால் அசைத்துப் பாருங்கள். தடையில்லாமல் போய்த் திரும்பி வர வேண்டும். அசையாவிட்டால் பின்னைக் கழற்றி, துருவைத் தேய்த்து, கிரீஸ் வைத்து மாட்டுங்கள்.

முன் காலிப்பரை (முன்சக்கரத்தில் பேடை அழுத்தும் பாகம்) யாராவது கழற்றியிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள்: பிளீடர் (ஏர் எடுக்கத் திறக்கும் திருகு) மேல்பக்கம் இருக்கிறதா? இடது வலது மாறி மாட்டினால் பிளீடர் கீழே போய்விடும், காற்று மேலேயே தங்கும், எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் வராது.

கேள்வி: சானி பாஸ் மலைப்பாதையில் இறங்கி வரும்போது பெடல் திடீரென்று மெத்தென்று ஆகிவிட்டது. அடிவாரத்து அண்டர்பெர்க் ஊருக்கு வந்து சேர்ந்தபோது பழையபடி சரியாக இருந்தது. ஓட்டலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்)

பதில்: பிரேக் ஆயிலை மாற்றாமல் மலைக்குப் போகாதீர்கள். 2,876 மீட்டர் உச்சியிலிருந்து 1,300 மீட்டருக்கும் மேல் இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் காலிப்பரிலுள்ள ஆயில் கொதிநிலைக்குச் சூடேறும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் பொருள். புது டாட் 3 (பிரேக் ஆயிலின் ஒரு தரம்) குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 ஆகிவிடும். டாட் 4-க்கு 230, 155. ஆயில் கொதித்து ஆவியானால், ஆவி நசுங்கும், பெடல் இறங்கும். ஆறியதும் ஆவி மறுபடி திரவமாவதால் குறை மறைந்தது போலத் தோன்றும். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காமல் போனால் அது வேறு குறை: பேட் சூடேறிப் பிடிமானம் இழந்திருக்கிறது.

சீல் உடையாத புது டின்னில் ஒரு லிட்டர் டாட் 4 வாங்குங்கள். டேங்கிலுள்ள கறுத்த ஆயிலை உறிஞ்சி எடுத்துப் புதியதை ஊற்றி, பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்ற வரிசையில், குழாயில் தெளிந்த ஆயில் வரும்வரை எடுங்கள். பின் ஆக்சிலுக்கு மேலே சுமைக்கேற்ப பிரேக் அழுத்தத்தை மாற்றும் வால்வு இருந்தால், அதிலுள்ள பிளீடரைக் கடைசியில் திறங்கள். இந்த வேலைக்குப் பின்சக்கரம் தொங்கக் கூடாது. ஆக்சில் தொங்கினால் அந்த வால்வு அழுத்தத்தைக் குறைத்துவிடும், பின்பக்கக் காற்று முழுதாக வராது. பழைய மாஸ்டர் சிலிண்டரானால் பெடலுக்கு அடியில் மரக்கட்டை வைத்து, அது தரைவரை போகாமல் தடுங்கள். சிலிண்டருக்குள் வழக்கமாக ரப்பர் போகாத அடிப்பகுதியில் துரு இருக்கும். அது ரப்பரைக் கிழித்துவிடும்.

இறங்கும்போது லோ ரேஞ்சில் (ஃபோர் பை ஃபோரின் மெதுவான கியர் நிலை) முதல் அல்லது இரண்டாம் கியரில் வாருங்கள். எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்.

கேள்வி: பிரேக் ஆயில் கிடைக்காத இடத்தில் பவர் ஸ்டீயரிங் ஆயில் ஊற்றலாமா? (டொங்காட் வாசகர்)

பதில்: கூடவே கூடாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர்கள் எல்லாம் உப்பிவிடும். தவறி ஊற்றியிருந்தால் வண்டியை ஓட்டாமல் வேறு வண்டியால் இழுத்துக்கொண்டு போய், மாஸ்டர் சிலிண்டர் முதல் வீல் சிலிண்டர் வரை ரப்பர்களையும் ஹோஸ்களையும் மாற்றி, குழாய்களைக் கழுவ வேண்டியிருக்கும்.