வீடற்றவருக்கு முதலில் வேலை வாங்கிக் கொடுத்தால் வீட்டை அவரே பார்த்துக்கொள்ள மாட்டாரா?

மாட்டார் என்பதைவிட, முடியாது என்பதுதான் சரி. இப்படிக் கேட்பவர்களில் பலர் யாருக்காவது வேலை வாங்கிக் கொடுத்து, பத்தே நாளில் அவர் நின்றுவிட, நொந்துபோனவர்கள். நீங்களும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

அவர் ஏன் நின்றார்? இரவுக் காப்பகத்தில் தங்குபவர் என்றால், மாலையில் குறிப்பிட்ட நேரத்துக்குள் உள்ளே இருக்க வேண்டும், விடிந்ததும் வெளியேற வேண்டும். கிடைத்தது நைட் ஷிஃப்ட் என்றால் பகலில் எங்கே தூங்குவார்? தெருவில் என்றால் குளிக்கவும் துணி துவைக்கவும் பையை வைக்கவும் இடமில்லை. அடுத்தது சம்பளம். மாதச் சம்பளம் கைக்கு வர முப்பது, நாற்பது நாள் ஆகும். கூலி வேலையில் அன்று மாலையே காசு. பசியோடு இருப்பவர் கூலிக்குத்தான் போவார், நாமும் அதைத்தான் செய்வோம். முதல் இரண்டு மாதம் வாராவாரம் முன்பணமாகக் கொடுக்க முதலாளியைச் சம்மதிக்க வைத்தால், வேலையை விட்டு நிற்பது அங்கேயே குறையும்.

ஆகவே வீடு முதலில். 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பரிஸ் என்ற உளவியலாளர் வழக்கமான வரிசையைத் தலைகீழாக மாற்றிப் பார்த்தார். குடியை விடு, மருந்து சாப்பிடு, பிறகு வீடு என்பதை விட்டுவிட்டு, நேராகச் சாவியைக் கொடுத்தார். வருமானத்தில் 30 சதவீதம் வாடகைக்கு, ஊழியர் வந்து பார்க்கச் சம்மதம்: முக்கிய நிபந்தனை இவ்வளவுதான். கனடா 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் சுமார் 2,000 பேரை வைத்து இதைச் சோதித்தது. சோதனையின் கடைசி ஆறு மாதம் முழுக்க வீட்டிலேயே இருந்தவர்கள் இந்த முறையில் 62 சதவீதம், வழக்கமான உதவிகளில் 31. பின்லாந்து 2008 முதல் இதையே தேசக் கொள்கையாக்கிப் பல ஆண்டுகள் வீடற்றோர் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வந்தது. வாடகை உதவியில் கைவைத்த 2024-இல் அது மறுபடி ஏறியது.

“ஒழுங்காக வாடகை கட்டும் எனக்கு யார் வீடு கொடுத்தார்கள், குடிகாரனுக்கு எதற்கு?” என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: யாருக்கும் இனாமாக எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை. அவரும் வாடகைதாரர்தான். தெருவில் விட்டாலும் ஆம்புலன்ஸ், மருத்துவமனை, போலீஸ், சிறை என்று செலவு ஆகிக்கொண்டுதான் இருக்கிறது.

நடைமுறையில் சிக்குவது வீட்டு உரிமையாளரிடம். “இவருக்கு வீடு கொடுங்கள்” என்று கேட்டால் கதவு சாத்தப்படும். தொண்டு நிறுவனமோ நகராட்சியோ தன் பெயரில் ஒப்பந்தம் போட்டு, அவருக்கு உள்வாடகைக்கு விட வேண்டும். வாடகையில் உதவித்தொகையாக வரும் பங்கு நேராக உரிமையாளர் கணக்குக்குப் போக வேண்டும். சேதத்துக்கும் காலியாகக் கிடக்கும் மாதத்துக்கும் தனி நிதி வேண்டும். எல்லோரையும் ஒரே கட்டடத்தில் குவித்தால் அது மறுபடி காப்பகமாகிவிடும். ஒரு கட்டடத்தில் ஐந்தில் ஒரு பங்கு வீடுகளுக்கு மேல் எடுக்காதீர்கள்.

உள்ளே போன முதல் வாரங்கள்தான் கண்டம். வெறும் சுவரும் தனிமையுமாக இருந்தால் பழைய நடைபாதைக்கே தூங்கப் போய்விடுவார்கள். பாய், அடுப்பு, வாளி, விளக்கு, பூட்டு எல்லாம் சாவி கொடுக்கும் அன்றே உள்ளே இருக்க வேண்டும். இன்னொன்று, பழைய சகாக்கள் வந்து குடியேறிவிடுவது. முகத்துக்கு நேரே மறுக்க அவரால் முடியாது. “நிறுவனம் விடாது” என்று சொல்லிக்கொள்ள ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருந்தால் பழி நம்மீது விழும், அவர் தப்பிப்பார். ஓர் ஊழியருக்குப் பத்து முதல் இருபது பேர் வரைதான். ஐம்பது பேரைக் கொடுத்தால் அவர் பதிவேடு மட்டும்தான் எழுதுவார்.

வீடு வந்தால் வேலை தானாக வரும் என்றும் நம்பாதீர்கள். அது தனி வேலை. முதல் தடை காகிதங்கள்: அடையாள அட்டைக்கு முகவரி, வங்கிக் கணக்குக்கு அடையாள அட்டை, சம்பளத்துக்கு வங்கிக் கணக்கு. தெருவில் பை மழையில் நனையும், திருடு போகும். நடைபாதையைச் சுத்தம் செய்ய வருபவர்கள் குப்பையோடு அள்ளிக்கொண்டு போவதும் உண்டு. நிறுவன முகவரியைக் கொடுத்து முதல் அட்டையை வாங்குங்கள், நகல்களை நிறுவனத்திலும் வையுங்கள். பிறகு, பல மாதப் பயிற்சி என்று இழுக்காமல், ஒரு மாதத்துக்குள் அவர் விரும்பும் நிஜ வேலையைத் தேடத் தொடங்கி, வேலையில் சேர்ந்த பிறகு கூடவே இருந்து பழக்குவதுதான் பலன் தருகிறது.

சம்பந்தமில்லாத எரிச்சல் ஒன்று. கம்பளி கொடுத்துவிட்டு முகத்தைப் படம் பிடித்து இணையத்தில் போடுகிறீர்களே, அந்தப் படம் அழிவதில்லை. நாளை வேலைக்கு எடுப்பவர் அதைப் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? கம்பளியைக் கொடுங்கள், செல்போனைப் பையிலேயே வையுங்கள்.

உதவியைத் திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஒன்பது மாதத்தை மும்மூன்று மாதமாகப் பிரித்து, முதலில் அடிக்கடி போய், பிறகு அக்கம்பக்கத்தாரும் மருத்துவரும் வேலையிடமும் தாங்குகிறதா என்று பார்த்து, கடைசியில் ஒதுங்கும் முறை ஒன்று உண்டு. அதற்குள் சிலர் வீட்டை இழப்பார்கள். அப்போது அவர் பெயரை அடித்துவிடாதீர்கள். முதல் வீட்டில் எது உடைந்தது என்று அவரிடமே கேட்டு, இரண்டாவது வீட்டை அதற்கேற்பப் பாருங்கள்.