தாய்மாமன் வீட்டுத் திண்ணையில் தைக்கும் பிள்ளை: வழக்கு யார் மேல்?

கேள்வி: பேரணாம்பட்டில் சின்னதாக ஒரு ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) யூனிட் வைத்திருக்கிறேன். ஆம்பூர் ஏற்றுமதி கம்பெனி ஒன்றுக்குக் கூலிக்குச் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க். கைத்தையலை மட்டும் ஒரு ஏஜென்ட் மூலம் கிராமத்துக்கு அனுப்புகிறேன். போன புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, தாமதமான சரக்கைக் கேட்டு அவர் வீட்டுக்கே போனேன். திண்ணையில் நான்கு பெண்களோடு ஒரு சிறுமி, விரலில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது இருக்கும். "தங்கச்சி பொண்ணு சார், நம்ம வீட்டுப் பிள்ளைதான், சட்டத்துல இடம் இருக்கு" என்கிறார் ஏஜென்ட். அடுத்த மாதம், கம்பெனியிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட். எந்தக் கட்டத்திலும் குழந்தைத் தொழிலாளர் இல்லை என்று கம்பெனி எழுதிக் கேட்கிறது. ஏஜென்ட்டை இப்போதே நிறுத்திவிட்டால் தப்பிப்பேனா? ஜோடிக்கு நான் 22 ரூபாய் தருகிறேன், திண்ணைக்குப் போவது 10 தான்.

பதில்: உங்கள் ஏஜென்ட் பாதிச் சட்டம் படித்திருக்கிறார். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தியபோது, 14 வயது நிரம்பாத பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்று ஆக்கினார்கள். கூடவே குடும்பத் தொழிலுக்கு ஒரு விலக்கும் வைத்தார்கள். அந்த விலக்கில் 'குடும்பம்' என்பதில் தாயின் சகோதரனும் வருகிறார். ஆக, தாய்மாமன் உறவு செல்லும்.

அப்புறம்தான் 2017 விதிகள் வருகின்றன. பள்ளி நேரத்தில் உதவக் கூடாது. இரவு 7 முதல் காலை 8 வரை கூடாது. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. இதெல்லாம் கிடக்கட்டும், இன்னொரு நிபந்தனை இருக்கிறது: உற்பத்தி, சப்ளை, சில்லறை விற்பனை என எந்தக் கட்டத்திலும் குடும்பத்துக்கு வருமானம் தரும் வேலையாக அது இருக்கக் கூடாது. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கித் தைக்கும் அப்பர் இதில் தப்பாது. புதன்கிழமை பதினொரு மணி என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அது வேறு. 'பதினஞ்சு வயசு' என்று பேச்சு மாறினால் பிறப்புச் சான்றிதழைக் கேளுங்கள்.

சரி, உங்களுக்கு வருகிறேன். தண்டனைப் பிரிவு வேலைக்கு வைத்தவரை மட்டும் சொல்லவில்லை, வேலை செய்ய 'அனுமதித்தவர்' என்றும் சொல்கிறது. திண்ணையைப் பார்க்கும் வரை 'எனக்குத் தெரியாது' என்ற வாதம் உங்கள் கையில் இருந்தது. பார்த்த பிறகும் அதே திண்ணைக்குச் சரக்கு போனால், சரக்கு அனுப்பிய சலான் தேதியை வைத்தே எதிர்த்தரப்பு வாதாடும். முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். புகார் கொடுக்கவும் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

குழந்தைத் தொழிலாளர் இல்லை என்று கம்பெனி கேட்கும் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தெரிந்தே பொய் எழுதிக் கொடுத்து ஆர்டர் வாங்கினால் மோசடி என்று தனி வழக்குக்கு வாசல் திறந்துவிடும்.

ஏஜென்ட்டை ஆடிட்டுக்கு முன் நிறுத்துவது? பலர் செய்வது இதுதான். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்தத் திண்ணை காலியாகும், பிள்ளை பீடிக்கோ ஊதுபத்திக்கோ போகும். பள்ளிக்குத் திரும்பாது. பையர் தரப்பிலும் இது எடுபடுவது சந்தேகம். 2023 ஜனவரியில் அமலுக்கு வந்த ஜெர்மன் சப்ளை செயின் சட்டம், தவறு தெரிந்தால் முதலில் சரிசெய்யப் பார், உறவை முறிப்பது கடைசி வழி என்கிறது. உங்கள் பையர் எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை. கம்பெனியிடம் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். ஜோடிக்கு நீங்கள் 22 ரூபாய் தருகிறீர்கள், திண்ணைக்குப் போய்ச் சேர்வது 10. ஒரு வாரம் கழித்து, கைதேர்ந்த ஒரு பெண்மணி பக்கத்தில் வாட்சைப் பார்த்தபடி உட்காருங்கள். எட்டு மணி நேரத்தில் பத்து ஜோடி என்றால் நூறு ரூபாய். அதை அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலியோடு வைத்துப் பாருங்கள். பெரியவரின் கையால் ஈடுகட்ட முடியாத மீதியைத்தான் அந்தச் சிறுமியின் கை ஈடுகட்டுகிறது. தைக்கிறவருக்கு நேராகப் பணம் போகிற மாதிரி ஒரு ஏற்பாடு செய்யாமல் 'பிள்ளைகளை வைக்காதே' என்று ஏஜென்ட்டிடம் எழுதி வாங்குவது காகிதச் செலவு.

இந்த வாரமே அந்தத் திண்ணைக்குச் சரக்கு போவதை நிறுத்துங்கள். வேலையைப் பெரியவர்களுக்கு உங்கள் யூனிட்டில் கொடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள். ஏஜென்ட் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. சட்டப்படி அவள் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை, குழந்தைகள் நலக் குழு அவளை விசாரித்து முடிவு செய்யும். அவள் அம்மா ஏஜென்ட்டிடம் முன்பணம் வாங்கியிருக்கிறாரா என்று மட்டும் பக்குவமாக விசாரியுங்கள். வாங்கியிருந்து அதற்காகப் பிள்ளை தைக்கிறாள் என்றால் விஷயம் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் போய்விடும். அப்படியிருந்தால் கம்பெனிக்கு எழுதும் முன் என்னிடம் பேசுங்கள்.

முன்பணம் இல்லையென்றால் பார்த்தது, செய்தது இரண்டையும் தேதியோடு எழுதி ஆம்பூர் கம்பெனிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு என்னைப் பார்க்க வருவதானால் கடந்த ஆறு மாத சலான் புத்தகத்தையும் ஏஜென்ட்டுக்குப் பணம் கொடுத்த கணக்கையும் எடுத்து வாருங்கள். அதைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்ல முடியாது.