ஃப்ளையை விடுங்கள், நிற்கும் இடத்தை மாற்றுங்கள்: தூண்டில் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனையும் ஃப்ளை தூண்டிலையும் பற்றியவை. ஃப்ளை என்பது பூச்சி போலத் தெரியும்படி இறகும் நூலும் கட்டிய தூண்டில் முள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: புழு மாட்டிய தூண்டிலை எளிதாக நாற்பது அடி எறிகிறேன். ஃப்ளையை எறிந்தால் பத்தடியிலேயே சுருண்டு விழுகிறது. ராடை (தூண்டில் கம்பை) மாற்ற வேண்டுமா?

பதில்: ராட் என்ன செய்யும், பாவம். புழுத் தூண்டிலில் நீங்கள் எறிவது ஈயக் குண்டை, நரம்பு அதன் பின்னால் இழுபட்டு ஓடுகிறது. ஃப்ளையில் எடை என்று சொல்ல ஒன்றும் கிடையாது, கொஞ்சம் இறகு, கொஞ்சம் நூல், ஒரு முள், அவ்வளவுதான். இங்கே எடை முழுவதும் லைனில், அதாவது ஃப்ளைக்காகவே செய்த தடித்த கயிற்றில் இருக்கிறது. ட்ரவுட்டுக்குப் பலரும் பயன்படுத்தும் 5-ஆம் எண் லைனை எடுத்துக்கொண்டால் அதன் முதல் 30 அடி சுமார் 9 கிராம் இருக்கும். அந்த 9 கிராமைத்தான் நீங்கள் வீசுகிறீர்கள், ஃப்ளை சும்மா கூடப் போகிறது.

ஆகவே பலம் போட்டுப் பயனில்லை, நிறுத்தத்தில்தான் விஷயம். ராடை மெதுவாகத் தொடங்கி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், சட்டென்று நிறுத்த வேண்டும். நிறுத்தும்போதுதான் வளைந்திருந்த ராட் நிமிர்ந்து லைனைத் தள்ளுகிறது. கடிகார முள்ளை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் 1 மணி, முன்னால் 10 மணி. பின்னால் நிறுத்தியதும் அவசரப்படாதீர்கள், லைன் முழுவதும் பின்பக்கம் நீண்டு முடிகிற வரை காத்திருந்து அப்புறம் முன்னால் கொண்டு வாருங்கள். தலையைத் திருப்பிப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை, நன்றாக வீசுகிறவர்களும் பார்க்கிறார்கள். சாட்டை சொடுக்குகிற மாதிரி சத்தம் கேட்டால் நீங்கள் காத்திருக்கவில்லை என்று அர்த்தம், ஃப்ளையும் அறுந்து போயிருக்கும், போய்த் தேடுங்கள்.

புல்வெளியில் முள்ளுக்குப் பதில் ஒரு துண்டு கம்பளி நூலைக் கட்டிப் பழகுங்கள். முதுகுக்குப் பின்னால் மரம் இருந்தால் ரோல் காஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. லைனைத் தண்ணீரிலேயே கிடக்கவிட்டு, ராடை மெல்லத் தூக்கி, லைன் தோளுக்குப் பின்னால் தொங்கும் அளவு வந்ததும் முன்னால் அடிக்க வேண்டும். சின்ன ஓடைகளில் பாதி நேரம் இதுவே போதும்.

கேள்வி: கண்ணெதிரே மீன் மேலே வந்து எதையோ தின்கிறது. என் ஃப்ளையை மட்டும் சீண்டுவதில்லை. ஆறேழு நிறம் மாற்றிப் பார்த்துவிட்டேன். எந்த ஃப்ளை போட வேண்டும்?

பதில்: அதிகமாக வருகிற கேள்வி இதுதான், அதிகமாகத் தப்பான பதில் கிடைக்கிற கேள்வியும் இதுதான். பெட்டியில் இருக்கும் ஃப்ளைகளை ஒவ்வொன்றாக மாட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். ஃப்ளை விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மிதந்து வருகிற ஒரு நுரைக் குமிழியைக் குறி வைத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒரே வேகத்தில், ஒரே பாதையில் போகின்றனவா? ஃப்ளை ஒரு விரற்கடை முந்தினாலும் பிந்தினாலும் ட்ரவுட்டுக்கு அது தெரியும். உண்மையான பூச்சி ஓட்டத்தோடு போகும், அதற்கு ஓட்டத்தை எதிர்த்துக் கோடு கிழிக்கத் தெம்பு கிடையாது.

உங்களுக்கும் மீனுக்கும் நடுவில் வேகமான ஓட்டம் ஒன்று இருந்தால் அது லைனின் நடுப்பகுதியை முதலில் கீழே கொண்டு போகும். லைன் வில்லாக வளையும், வளைந்த லைன் ஃப்ளையை இழுக்கும். அதற்காகத்தான் ஃப்ளை விழுந்தவுடனே ராடை மேல் நோக்கிச் சுழற்றி லைனின் நடுப்பகுதியைத் தூக்கி ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் போடுவது. மெண்டிங் என்பார்கள். நடுவில் இருப்பது மெதுவான தண்ணீர், ஃப்ளை விழுந்தது வேகமான தண்ணீர் என்றால் இதையே ஓட்டம் போகிற பக்கமாகச் செய்ய வேண்டும், பலர் இதை மறந்துவிட்டு எப்போதும் எதிர்ப்பக்கமே தூக்கிப் போடுகிறார்கள். இதைவிடச் சுலபமான வழி நான்கு அடி நடப்பது. நேர் எதிர்க்கரையிலிருந்து வீசுவதை விட்டுவிட்டு மீனுக்குப் பின்பக்கம், கொஞ்சம் சாய்வாக நின்று ஓட்டம் வருகிற திசை நோக்கி வீசினால் குறுக்கே வரும் ஓட்டங்கள் குறைந்துவிடும். ட்ரவுட் எப்போதும் ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்துத்தான் நிற்கும், அதனால் பின்னாலிருந்து வருகிறவர் அதன் கண்ணில் படுவதும் குறைவு.

இதெல்லாம் சரியாக இருந்தும் தொடவில்லையா? அது தின்பதை உற்றுப் பாருங்கள். வட்ட அலைக்கு நடுவில் ஒரு குமிழி மிஞ்சினால் மீன் மேல்பரப்பில் இருந்ததைக் காற்றோடு சேர்த்து விழுங்கியிருக்கிறது. குமிழி இல்லாமல் முதுகோ வாலோ மட்டும் தெரிந்து மறைந்தால் அது மேல்பரப்புக்கு ஒட்டினாற்போல் கீழே, கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரத் திணறுகிற பூச்சியைத் தின்கிறது. நீங்கள் மிதக்கும் ஃப்ளையாகப் போட்டுக்கொண்டே இருந்தால் அது ஏன் எடுக்கப்போகிறது? பாதி மூழ்கி நிற்கிற ஃப்ளைக்கு மாறுங்கள். நிறம் மூன்றாவது விஷயம். முதலில் மிதக்கும் விதம், அடுத்தது அளவு, அப்புறம்தான் நிறம்.

இன்னொன்று. மீன் நீருக்குள்ளிருந்து வெளியுலகை ஒரு வட்ட ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறது, ஒளி நீரில் முறிவதால் வருகிற விளைவு இது. ஓர் அடி ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்த வட்டம் இரண்டடி விட்டத்துக்குச் சற்றுக் கூடுதல், அதற்கு வெளியே நீரின் அடிப்புறம் கண்ணாடியாகத் தெரியும். மேல்பரப்புக்குப் பக்கத்தில் நிற்கிற மீனுக்கு ஜன்னல் சின்னது, ஆகவே ஃப்ளையை அதன் பாதையிலேயே போட வேண்டும், ஓரடி தள்ளி விழுந்தால் அது பார்க்காமலே போகலாம். அதே காரணத்தால்தான் கரையோரம் குனிந்து போகச் சொல்வதும், நிமிர்ந்து நிற்கிறவர் அந்த ஜன்னலுக்குள் வந்துவிடுவார்.

கேள்வி: டிப்பெட் சுருளில் 4 எக்ஸ், 5 எக்ஸ், 6 எக்ஸ் என்று போட்டிருக்கிறது. எது தடிமன்?

பதில்: டிப்பெட் என்பது ஃப்ளையைக் கட்டுகிற மெல்லிய நுனி நரம்பு, எண் கூடினால் அது மெலியும். 11-லிருந்து அந்த எண்ணைக் கழியுங்கள், கிடைப்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது. 5 எக்ஸ் என்றால் 6 பங்கு, சுமார் 0.15 மி.மீ. எதற்கு எது என்று குழம்பினால் முள்ளின் எண்ணை மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள், 16-ஆம் எண் முள்ளுக்கு 5 எக்ஸ் சரியாக வரும். முள்ளிலும் அதே தலைகீழ் கணக்குதான், 18 என்பது 12-ஐவிடச் சின்னது. முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு ஈரமாக்குங்கள், காய்ந்த நரம்பு உரசிச் சூடேறி அந்த இடத்திலேயே பலவீனமாகிவிடும்.

கேள்வி: ஃப்ளையை வாங்குவதைவிட நாமே கட்டினால் மிச்சமாகுமா?

பதில்: ஆகாது. இன்னொரு நிறத்தில் இறகு, இன்னொரு அளவில் முள் என்று மேஜை நிரம்பிக்கொண்டே போகும். மிச்சம் பிடிக்க நினைத்துத் தொடங்காதீர்கள், ஆசை இருந்தால் தொடங்குங்கள்.

கேள்வி: முதல் முதலாக எந்த ஃப்ளையைக் கட்டிப் பழகலாம்? இறகு சுற்றிய மிதக்கும் ஃப்ளை ஒன்றைக் கட்டிப் பார்த்தேன், துடைப்பக் கட்டையாக வந்தது.

பதில்: மிதக்கும் ஃப்ளையில் தொடங்கியதுதான் சிக்கல். ஃபெசன்ட் டெயில் நிம்ஃபில் தொடங்குங்கள். நீருக்குள் வாழும் இளம் பூச்சிக்கு நிம்ஃப் என்று பெயர், அதைப் போலக் கட்டிய மூழ்கும் ஃப்ளைக்கும் அதே பெயர்தான். ஃபெசன்ட் டெயிலை உருவாக்கியவர் இங்கிலாந்தின் ஏவன் ஆற்றைக் காவல் பார்த்த ஃபிராங்க் சாயர். அவர் நூலே பயன்படுத்தவில்லை, மெல்லிய செம்புக் கம்பியையும் ஃபெசன்ட் என்ற கோழியினப் பறவையில் சேவலின் வால் இறகையும் மட்டும் வைத்துக் கட்டினார். கம்பி கட்டவும் உதவியது, ஃப்ளையை மூழ்கடிக்கவும் உதவியது. ட்ரவுட் பெரும்பாலும் தண்ணீருக்கு அடியில்தான் தின்கிறது என்பதால் இது வருடம் முழுக்க வேலை செய்யும்.

பழகுகிறவருக்கு நூல் வைத்துக் கட்டுவதே எளிது. 14-ஆம் எண் முள்ளை வைஸில் (முள்ளை இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) பிடித்து, காதுக்கு, அதாவது நரம்பு கட்டும் வளையத்துக்கு, சற்றுப் பின்னாலிருந்து வளைவு வரை நூலை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு போங்கள். அங்கே செம்புக் கம்பியின் ஒரு முனையைக் கட்டுங்கள். இறகிலிருந்து நாலைந்து இழையை நுனிகள் சமமாக இருக்கும்படி பிய்த்தெடுத்து, நுனி பின்னால் வாலாக நீட்டி நிற்கும்படி கட்டுங்கள், வால் முள் தண்டில் பாதி நீளம் இருந்தால் போதும். மிச்ச இழையை முன்னோக்கிச் சுற்றி, தண்டில் பாதி தாண்டியதும் நூலால் கட்டி நிறுத்துங்கள். இப்போது கம்பியை எதிர்த்திசையில் இடைவெளி விட்டுச் சுற்ற வேண்டும். இந்த எதிர்த்திசை அழகுக்காக இல்லை: இழை சீக்கிரம் நொறுங்கும், ட்ரவுட்டுக்குப் பல் உண்டு, குறுக்கே ஓடும் கம்பிதான் அதைப் பிடித்து வைக்கிறது. பிறகு மார்புப் பகுதிக்கு இன்னொரு சின்னக் கற்றை இழையை நுனி பின்பக்கம் பார்த்திருக்கும்படி கட்டி, அதன் மேல் மயில் இறகின் இழையை நாலு சுற்றுச் சுற்றி, அந்தக் கற்றையை முதுகு போல முன்னால் மடித்துக் கட்டி, விப் ஃபினிஷ் முடிச்சில் நாலைந்து சுற்றோடு முடித்துவிடுங்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: காதுக்குப் பின்னால் ஒரு காது அளவு இடம் எப்போதும் காலியாக இருக்கட்டும். புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லாவற்றையும் முன்னால் நெருக்கிக் கடைசியில் நூலைக் கண்ணி போடக்கூட இடம் இல்லாமல் காதை அடைத்துவிடுகிறார்கள், ஆற்றங்கரையில் டிப்பெட் நுழையாமல் திண்டாடுவது அப்போதுதான். அடுத்த குறை, பொருளை அள்ளிப் போடுவது. உண்மையான நிம்ஃப் ஒல்லியான ஜந்து. நீங்கள் கட்டியது கொஞ்சம் ஏழ்மையாகத் தெரிந்தால் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள். ஒரே ஃப்ளையை ஒரு டஜன் கட்டுங்கள், முதலாவதையும் பன்னிரண்டாவதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மேலே நான் சொன்னதற்கு அவசியமே இருக்காது.

துடைப்பக் கட்டைக்கு மருந்து: இழையின் நீளம் முள்ளின் வாய் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்கிற இறகாகத் தேர்ந்தெடுங்கள். கட்டுவதற்கு முன் இறகை முள்ளின் மேல் வளைத்துப் பிடித்தாலே தெரிந்துவிடும்.

கேள்வி: நிம்ஃப் தண்ணீருக்குள் போன பிறகு மீன் எடுத்தது எப்படித் தெரியும்?

பதில்: பெரும்பாலும் தெரியாது, எடுத்து, பிடிக்கவில்லை என்று துப்பியும் முடித்திருக்கும். லீடரில் (லைனையும் டிப்பெட்டையும் இணைக்கும் நரம்பில்) ஒரு சின்னத் தக்கை கட்டி, தக்கையிலிருந்து ஃப்ளை வரை நீர் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம் விடுங்கள். தக்கை முங்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். நின்றாலோ, தயங்கினாலோ, பக்கவாட்டில் நகர்ந்தாலோ ராடைத் தூக்குங்கள், கல்லாக இருந்தால் கல்தான், நஷ்டமில்லை. தக்கை கட்டப் பிடிக்காதவர்கள் மிதக்கும் ஃப்ளை ஒன்றின் முள் வளைவில் ஒன்றரை அடி டிப்பெட்டைக் கட்டி அதன் நுனியில் நிம்ஃபைத் தொங்கவிடலாம், மேலே இருப்பதையும் மீன் எடுக்கும். மிதக்கும் ஃப்ளையில் மட்டும் இதற்கு நேர்மாறு, மீன் வாயை மூடித் தலையைக் கீழே திருப்பும் வரை பொறுங்கள். பார்த்தவுடன் இழுத்தால் திறந்த வாயிலிருந்து ஃப்ளையைப் பிடுங்கியதாக ஆகும்.

கேள்வி: இது பணக்காரர்கள் கண்டுபிடித்த பொழுதுபோக்குதானே?

பதில்: ரோமானிய எழுத்தாளர் ஈலியன், கி.பி. 200 வாக்கில், மாசிடோனியாவில் ஓர் ஆற்றில் மீனவர்கள் முள்ளைச் சுற்றிச் சிவப்புக் கம்பளியும் இரண்டு சேவல் இறகும் கட்டிப் புள்ளி போட்ட மீன்களைப் பிடித்ததை எழுதியிருக்கிறார். ஜப்பானிய மலையோடைகளில் மீன் விற்றுப் பிழைத்தவர்களின் டென்காரா முறையில் ரீலே கிடையாது, நீளமான மூங்கில் கம்பு, நுனியில் நரம்பு, ஒரு ஃப்ளை. விலை ஏறியதெல்லாம் பிற்பாடு.

கேள்வி: பிடித்து விட்டுவிட்டால் மீனுக்கு ஒன்றும் ஆகாதல்லவா?

பதில்: நீங்கள் பிடிக்கிற விதத்தைப் பொறுத்தது. காய்ந்த கையால் தொட்டால் உடலில் இருக்கும் வழவழப்புப் போய்விடும், அதுதான் அதற்குக் கிருமியிடமிருந்து பாதுகாப்பு. கையை நனையுங்கள். நீரை விட்டு வெளியே எடுக்காமலே முள்ளைக் கழற்றப் பாருங்கள், போட்டோ எடுத்தே தீர வேண்டுமென்றால் கேமராவைத் தயாராக்கிவிட்டு மீனைத் தூக்குங்கள். மெல்லிய டிப்பெட்டில் பிடித்து நீண்ட நேரம் ஓடவிட்டுக் களைக்க வைப்பது பெருமை இல்லை. தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் ராடை மடக்கி வையுங்கள். வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் குறைவு, நீந்திப் போன மீனும் மடுவுக்குள் போய்ச் சாகலாம், நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு சின்ன தெர்மாமீட்டர் பையில் இருக்கட்டும்.

கேள்வி: காற்றடிக்கிறபோது வீசினேன், முள் காதுமடலில் குத்திவிட்டது. எப்படி எடுப்பது?

பதில்: முள் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கிற சிறு முள்ளை வீட்டிலேயே குறடால் நசுக்கி வைத்திருந்தால் வந்த வழியே எடுத்துவிடலாம். மீனுக்கும் அது நல்லது. காற்று உங்கள் வீசுகிற கைப்பக்கமிருந்து அடித்தால் ராடை மறுதோளின் மேல் சாய்த்து வீசுங்கள், லைன் தலையைத் தாண்டி அந்தப் பக்கமாகவே போகும். கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் யாரும் ஃப்ளை வீசக்கூடாது. கண்ணிலோ கண் பக்கத்திலோ குத்தினால் இழுத்துப் பார்க்காதீர்கள், நரம்பை வெட்டிவிட்டு முள்ளோடு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.