சொந்தத் தறி

அன்புள்ள ஐயா,

நான் ஆந்திரத்துப் புத்தூர்க்காரன். வீட்டில் தமிழ், பள்ளியில் படித்தது தெலுங்கு. நண்பர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பழைய படங்களைப் பற்றிப் பேசுகிறோம். அடுத்த கூட்டத்தில் பானுமதியைப் பற்றி நான் பேச வேண்டும். 'மிஸ்ஸியம்மா: திமிரால் போன வாய்ப்பு' என்று தலைப்பு வைத்திருக்கிறேன். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் அவர்தான் என்று சொல்லலாம் அல்லவா? அவர் தமிழ் நடிகையா, தெலுங்கு நடிகையா என்று இங்கே ஓயாத சண்டை. கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஐந்து படங்கள் எவை என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

ஒரு வாசகர், புத்தூர்

அன்புள்ள தம்பி,

போன வாரம் எங்கள் பழைய வீட்டைப் பிரித்தார்கள். பரணிலிருந்து பெரியம்மாவின், நெசவுக்குத் தார் (ஊடை நூல்) சுற்றும் ராட்டையை இறக்கி என்னிடம் கொடுத்தார்கள். அன்று மாலை உங்கள் கடிதம் வந்தது, அதில் பானுமதி. இரண்டும் எனக்கு ஒரே விஷயம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தத் தலைப்பை அடித்துவிடுங்கள். முதல் பெண் இயக்குநர் என்பதையும் அடித்துவிடுங்கள். 1936இலேயே டி. பி. ராஜலட்சுமி 'மிஸ் கமலா'வை இயக்கிவிட்டார். பானுமதி 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழிகளில் இயக்கி அதில் நடித்தது 1953இல். அதுவே பெரிய காரியம். இன்னொருவரின் நாற்காலியைப் பிடுங்கி அவருக்குப் போட வேண்டியதில்லை.

தமிழரா தெலுங்கரா என்ற சண்டையில் நான் இறங்க மாட்டேன். அவர் ஓங்கோல் பக்கத்துக்காரர், தெலுங்கர். தமிழில் அவர் இல்லாத ஐம்பதுகளை நினைத்துப் பார்க்க முடியாது. போதும்.

திமிருக்கு வருகிறேன். வரலட்சுமி விரதத்தன்று 'மிஸ்ஸியம்மா' படப்பிடிப்புக்குத் தாமதமாக வந்தார், தயாரிப்பாளர் சக்கரபாணி மன்னிப்புக் கேட்கச் சொன்னார், அவர் மறுத்தார், எடுத்தவரை எல்லாம் கைவிடப்பட்டது, சாவித்திரி வந்தார். இப்படித்தான் காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. பானுமதியோ 1939இல் 'வரவிக்ரயம்' தெலுங்குப் படத்தில் சிறுமியாக நடிக்கத் தொடங்கியவர். நடிகை, பாடகி, தயாரிப்பாளர், இயக்குநர், எழுத்தாளர். எண்பதுகளில் சென்னை அரசு இசைக் கல்லூரியின் முதல்வர். இத்தனையும் செய்து 2005இல் மறைந்த ஒருவரின் வாழ்க்கையை, அவர் நடிக்காத ஒரே ஒரு படத்தை வைத்து எடை போடுவது என்ன நியாயம், தம்பி?

நீங்கள் புத்தூர்க்காரர். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்திருப்பீர்கள். கூலிக்கு நெய்கிறவன் முதலாளி கொடுத்த பாவு நூல் இற்றுப்போயிருந்தாலும் வாய் திறக்காமல் வாங்கிப் போவான். சொந்தத் தறியும் சொந்த நூலும் வைத்திருக்கிறவன் 'இது எனக்கு வேண்டாம்' என்று சொல்லிவிட்டு எழுந்து வருவான். அவனைத் திமிர் பிடித்தவன் என்று நம் ஊரில் யாரும் சொன்னதில்லை. பானுமதிக்கும் அவருடைய கணவர் ராமகிருஷ்ணாவுக்கும் மகன் பரணி பெயரில் சொந்தப் படக் கம்பெனி இருந்தது, ஸ்டுடியோ இருந்தது. வேண்டாம் என்று சொல்ல அவருக்குக் கால் ஊன்ற இடம் இருந்தது. சாவித்திரியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவரை வணங்குகிறேன். ஒருவரை உயர்த்த இன்னொருவரைத் தூக்குமேடையில் ஏற்றாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஆனால் பானுமதியின் உண்மையான சொந்தத் தறி ஸ்டுடியோ அல்ல, தொண்டை. இதைத்தான் உங்கள் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேச வேண்டும். பாகவதரும் சின்னப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் தாங்களே பாடி நடித்தார்கள். பின்னணிப் பாட்டு வந்ததும் முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்று ஆயிற்று. பத்மினிக்கு, சாவித்திரிக்கு, சரோஜாதேவிக்கு எல்லாம் பி. லீலா, ஜிக்கி, பி. சுசீலா போன்றவர்கள் பாடினார்கள். பானுமதி கடைசிவரை தன் வாயைத் தானே திறந்து பாடினார். எஸ். வரலட்சுமியையும் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கு மேல் விரல் விட்டு எண்ண ஆள் கிடையாது. 'மிஸ்ஸியம்மா'வில் அவர் நடித்திருந்தால் 'வாராயோ வெண்ணிலாவே' அவர் குரலில்தான் வந்திருக்கும். பி. லீலாவின் அந்தப் பாட்டு நமக்குக் கிடைத்திருக்காது. (லீலாவின் ஊர் சித்தூர். பாலக்காட்டுச் சித்தூர், நம் ஆந்திரச் சித்தூர் அல்ல.) 1956இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் 'அழகான பொண்ணுதான்' கேளுங்கள். பாட்டு முடிந்து வசனம் தொடங்கும்போது குரல் மாறாது. அதே பெண்தான் பேசுகிறாள். அந்தப் பேச்சின் ஓரத்தில் தெலுங்கு மெல்லத் தட்டும். அவர் அதைத் தேய்த்து அழிக்கவில்லை.

என் பெரியம்மா காளஹஸ்திப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பத்திலிருந்து நகரி அருகே எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவர். 1960இல் திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்துக்குப் போயின, நாங்கள் ஆந்திரத்தில் நின்றுவிட்டோம். ஆனால் எங்கள் வீட்டுக்குள் பெரியம்மாதான் அயல் மாநிலம். அவருக்கு ழகரம் வராது. "பெரியம்மா, வாழைப்பழம் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பிள்ளைகள் சிரிப்போம். கல்யாண வீடுகளில் பெரியவர்களும் சிரித்தார்கள். பின்னர் அவர் நாலு பேர் கூடும் இடத்தில் பேசுவதையே விட்டுவிட்டார். கேட்டதற்குத் தலையாட்டுவார். ராட்டையைச் சுற்றுவார்.

'அன்னை' 1962இல் வந்த படம். எங்கள் பக்கத்து டூரிங் கொட்டகைக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆயின. பெரியம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பள்ளிப்பட்டுக்குப் போனார். மணலில் உட்கார்ந்திருந்தோம். பானுமதி பேசத் தொடங்கிச் சிறிது நேரத்தில், முந்தானையால் வாயை மூடியிருந்த பெரியம்மா அதை எடுத்தார். குனிந்து என் காதில், "இதி மன மாட்டரா" என்றார். இது நம் பேச்சடா. 'பூவாகிக் காயாகி' பாட்டு வந்தபோது அவருடைய வலது கை, ராட்டை இல்லாமலே மடியில் சுற்றிக்கொண்டிருந்தது.

மறுவாரம் நான் பழக்கத்தில் மறுபடியும் கேட்டேன், வாழைப்பழம் சொல்லுங்கள் என்று. தன் உச்சரிப்பிலேயே, கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சொல்லிவிட்டு, அறுந்த இழையை நாக்கில் நனைத்து முடிந்து, தாரைத் தொடர்ந்தார். நான் அதற்கப்புறம் கேட்கவில்லை. அவரிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. இப்போது ராட்டை மட்டும் என் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

உங்கள்மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. பள்ளியில் தெலுங்கு படித்தவர் நீங்கள். பானுமதி தன் கதையைத் தானே 'நாலோ நேனு' என்று தெலுங்கில் எழுதி வைத்திருக்கிறார். நான் எழுத்துக் கூட்டித் தடவித் தடவிப் படித்ததை நீங்கள் இரண்டு நாளில் படித்துவிடலாம். அதைத் திறக்காமல், அவர் திமிர் பிடித்தவரா என்று என்னிடம் கேட்கிறீர்கள். கூட்டத்துக்கு முன் படித்துவிடுங்கள்.

ஐந்து படங்கள் கேட்டிருந்தீர்கள். இரண்டு சொல்லிவிட்டேன், 'சண்டிராணி'யோடு மூன்று. மற்றவற்றை நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கூட்டத்தில் முதலில் 'பூவாகிக் காயாகி'யை முழுவதும் ஒலிக்கவிடுங்கள். உங்கள் வீட்டுப் பெண்களையும் அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவையுங்கள். தேதியைத் தெரிவித்தால் நகரியிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுவேன்.