வரைபடத்தில் சிவப்பு என்றால் வீடு இடிந்துவிட்டது என்று அர்த்தமா?

கேள்வி: என் மகன் ஜப்பானில் நனாவோ என்ற நகரத்தில் வேலை செய்கிறான். 2024 புதுவருட நாளன்று அங்கே பெரிய நிலநடுக்கம் வந்தபோது இரண்டு நாள் அவனுடன் கதைக்க முடியவில்லை. அதற்கிடையில் கனடாவிலுள்ள உறவினர் ஒருவர் செய்மதி ராடார் வரைபடம் என்று வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். மகனின் விடுதி இருந்த இடம் முழுக்கச் சிவப்பு. மூன்றாம் நாள் மகன் கதைத்தான். கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லையாம். அப்படியானால் அந்த வரைபடம் பிழையா? இன்னொரு முறை இப்படி வந்தால் நம்பலாமா? கணினி படிக்கும் என் அக்காவின் மகன், நம் ஊருக்கும் இப்படியொன்று செய்து வைக்கலாமா என்று கேட்கிறான்.
– ஒரு தாய், கரவெட்டி

பதில்: அம்மா, வரைபடம் பிழையாக இருந்திருக்க வேண்டியதில்லை. அதன் கீழே இருக்க வேண்டிய விளக்கத்தையும் திகதிகளையும் வெட்டிவிட்டு வெறும் படத்தை அனுப்பியதுதான் உங்களை அந்தப் பாடு படுத்தியது. இந்த வகை வரைபடத்தில் சிவப்புக்கு உள்ள அர்த்தம் ஒன்றே ஒன்று: இந்த இரண்டு திகதிகளுக்கிடையில் இந்த இடத்தின் தோற்றம் வழக்கத்தைவிட அதிகமாக மாறியிருக்கிறது. மாற்றியது எது என்று அதற்குத் தெரியாது.

நனாவோ இருக்கும் நோட்டோ குடாநாட்டில் நிலம் குலுங்கியது மாலை 4.10 மணிக்கு. அளவு 7.5. குளிர்காலம், சற்று நேரத்தில் இருட்டிவிட்டது. சாதாரண செய்மதிப் படத்துக்கு வெளிச்சமும் முகிலில்லாத வானமும் வேண்டும். ராடார் தன் அலையைத் தானே அனுப்பித் தானே திரும்ப வாங்குவதால் இரவும் முகிலும் அதைத் தடுக்காது. ஜப்பானின் டைச்சி-2 ராடார் செய்மதி இந்த வேலைக்காகவும் பறக்கிறது.

ஒரு சுளகில் கைப்பிடி அரிசியைப் பரப்புங்கள். அலுங்காமல் அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போங்கள். சுளகு இடம் மாறிவிட்டது, ஆனால் அரிசி கிடந்தபடியே கிடக்கிறது. இப்போது ஒரு தரம் புடையுங்கள். சுளகு அதே இடத்தில்தான், ஆனால் ஒரு மணிகூட முந்திய இடத்தில் இல்லை. நிலநடுக்கத்துக்குப் பிறகு ராடார் இந்த இரண்டையும் தனித்தனியாகக் காட்டுகிறது.

சுளகு நகர்ந்த அளவைச் சொல்லும் வரைபடத்தில் வானவில் வளையங்கள் போல நிறங்கள் வரும். நோட்டோவின் கடற்கரை சில இடங்களில் ஏறக்குறைய 4 மீற்றர் உயர்ந்ததை ராடார் அளவீடுகளிலும் கண்டார்கள். அங்கே துறைமுகத் தரையே கடலைவிட்டு மேலே வந்துவிட்டது. ஆனால் உங்களுக்கு வந்தது இரண்டாவது வகை, அரிசி குழம்பியதைக் காட்டும் படம். நடுக்கத்துக்கு முன் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டு, அந்த இடம் சாதாரண நாளில் எவ்வளவு மாறும் என்று முதலில் கணக்கிடுவார்கள். பிறகு முன்னொன்றையும் பின்னொன்றையும் ஒப்பிடுவார்கள். இரண்டாவது ஒப்பீட்டில் ஒற்றுமை திடீரென்று விழுந்திருந்தால் அந்தக் கட்டத்துக்குச் சிவப்பு.

கட்டடங்கள் இதில் நன்றாகத் தெரிவதற்குக் காரணம் மூலைகள். சுவரும் முற்றமும் சேரும் இடத்தில் சாய்வாகப் பந்தை எறிந்தால் தரையில் பட்டு, சுவரில் பட்டு எறிந்தவரிடமே வரும். ராடார் அலையும் அப்படித்தான். சுவர் விழுந்தால் மூலை இல்லை, திரும்பி வரும் அலையும் மாறிவிடும்.

இனி அந்தச் சிவப்புக் கட்டத்தின் அளவைப் பாருங்கள். இப்படியான பொது வரைபடங்களில் ஒரு கட்டம் பெரும்பாலும் 30 மீற்றருக்கு 30 மீற்றர். நம் கணக்கில் ஏறத்தாழ மூன்றரைப் பரப்புக் காணி. அதற்குள் ஒரு வீடு, கிணறு, மாட்டுக்கொட்டில், நாலு தென்னை, பக்கத்து வளவின் மதில் எல்லாம் அடங்கும். கொட்டில் விழுந்தாலும் அந்த மூன்றரைப் பரப்பும் சிவக்கலாம். உங்கள் மகனின் விடுதிக்குப் பக்கத்தில் ஓடு சரிந்ததோ, வாகனத் தரிப்பிடத்தில் பனி கொட்டியதோ, எனக்குச் சொல்ல முடியாது. தை மாத ஜப்பானில் பனி ஒன்றே போதும் ஒரு தெருவைச் சிவப்பாக்க.

இதை நான் பட்டறிந்தே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் மாணவர்களுக்குக் காட்டுவதற்காகப் புரட்டாதியில் எடுத்த படத்தையும் கார்த்திகையில் எடுத்த படத்தையும் அவசரத்தில் ஒப்பிட்டேன். கோப்பாயிலிருந்து உரும்பிராய் வரை ஒரே சிவப்பு. நிலம் அசையவேயில்லை. இடையில் மழை பெய்திருந்தது, செம்மண் தோட்டங்களை உழுதிருந்தார்கள், வெங்காயம் நட்டிருந்தார்கள். யாழ்ப்பாண நகரத்தின் கடைத்தெருக்கள் மட்டும் அசையாமல் அப்படியே இருந்தன. யாராவது அந்தப் படத்தை மட்டும் வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தால் எத்தனை வீடுகளில் உலை ஏறியிருக்காது! அதனால்தான் பொறுப்பாகச் செய்பவர்கள் தோட்டத்தையும் மரக்கூட்டத்தையும் மறைத்துவிட்டு, கட்டடப் பகுதியை மட்டும் வெளியிடுவார்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். நிறமில்லாத இடம் பாதுகாப்பான இடம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சுவர் வெடிப்பும் தூண் முறிவும் வானத்திலிருந்து தெரியாது. மலைச்சரிவுக்குப் பின்னாலுள்ள வீட்டுக்கு அலையே போய்ச்சேராமல் விடலாம். நிறமில்லை என்பதற்காக, வெடித்த கட்டடத்துக்குள் திரும்பிப் போய்ப் படுப்பவரை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

மீட்புக் குழுவுக்கு இந்த வரைபடம் பொக்கிஷம். நூறு ஊரில் எந்த ஊருக்கு முதலில் போவது என்று அது சொல்லும். ஒரு தாய்க்கு, தன் பிள்ளையின் கூரையைப் பற்றி அது எதையும் சொல்லாது. இன்னொரு முறை வந்தால், படங்கள் எடுத்த திகதிகள் எழுதியிருக்கிறதா, நடுக்கத்துக்குப் பிந்திய படம் உண்மையிலேயே பிந்தியதா, மகனின் தெரு மட்டும் சிவப்பா அல்லது ஊரே சிவப்பா என்று பாருங்கள். திகதி இல்லாத படத்தை ஒருவருக்கும் அனுப்பாதீர்கள். பிள்ளையைத் தேட ஜப்பானில் வேறு வழி இருக்கிறது. நமக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 போல, அங்கே 171 என்ற இலக்கத்தில் பாதிக்கப்பட்டவர்கள் தம் குரலைப் பதிவுசெய்து வைக்கலாம்; இணையத்திலும் எழுதி வைக்கலாம். மகனை இப்போதே அதைப் பழகி வைக்கச் சொல்லுங்கள்.

அக்காவின் மகனுக்கு: தாராளமாகச் செய்யலாம், காசும் வேண்டாம். ஐரோப்பாவின் சென்டினல்-1 படங்கள் இலவசம். அதைக் கையாளும் ஸ்னாப் மென்பொருளும் இலவசம். ஒரு படமே சில ஜிகாபைட் வரும். அதை இறக்கும் அளவுக்கு இணைய இணைப்பு இல்லையென்றால் அலாஸ்கா செய்மதித் தரவு மையத்தில் கணக்குத் திறந்தால், ஒப்பீட்டை அவர்களுடைய கணினியிலேயே செய்து முடிவை மட்டும் அனுப்புவார்கள். ஒரே பாதையில், ஒரே திசையில் செய்மதி போனபோது எடுத்த படங்களையே தெரிவுசெய்ய வேண்டும். ஒரு செய்மதி அதே பாதைக்குத் திரும்ப 12 நாள் ஆகும்.

ஒரு தடை உண்டு. சென்டினலின் அலைநீளம் 5.6 சென்றிமீற்றர்தான். பனையோலை காற்றில் ஆடினாலே ஒப்பீடு குழம்பிவிடும். நம் ஊரில் பனை இல்லாத வளவு எங்கே? 2025 யூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செய்மதியின் நீண்ட அலை ஏறக்குறைய 24 சென்றிமீற்றர். அது இலைகளை ஊடுருவி நிலம்வரை போகக்கூடியது. அதன் தரவும் இலவசம் என்பதால் தம்பி இரண்டையும் சேர்த்துப் பழகுவது நல்லது.

நாம் கண்டத்தட்டின் விளிம்பில் இல்லை, ஜப்பானைப் போல அடிக்கடி குலுங்கும் நிலமும் இல்லை. ஆனாலும் முந்திய படம் இல்லாமல் பிந்திய படத்தால் பயனில்லை. மாசி, பங்குனியில் மழையில்லாத நாட்களின் இரண்டு படங்களை எடுத்து ஒப்பிட்டு, தாளில் அச்சடித்துக்கொண்டு தம்பி கரவெட்டி ஒழுங்கைகளில் நடந்து பார்க்கட்டும். சாதாரண நாளிலேயே குழம்பும் கட்டம் எது, அங்கே நிற்பது வடலியா, தோட்டமா, கூரையில்லாத பழைய வீடா என்று ஒவ்வொன்றாக எழுதி வைக்கட்டும்.

நீங்கள் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு, அம்மா. மகன் இருக்கும் கட்டடத்தின் சரியான முகவரி, எத்தனை மாடி, மரமா கொங்கிறீட்டா, பக்கத்து அறைக்காரரின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் வையுங்கள். இன்றிரவு கதைக்கும்போதே கேட்டுவிடுங்கள்.